வெள்ளிக்கிழமைக்காரி

தாச்சி சூடாகட்டும். அவசரமில்லை.
முதலில் கச்சானை வெறுஞ்சட்டியில் வறுக்கவேண்டும்,
ஊதினால் தோல் பறக்கும் பதம் வரைக்கும்.
பிறகு அம்மி.
கிறைண்டரில் போட்டால் களியாகிவிடும்,
அது வேறு கறிக்கு.
எனக்கு வேண்டியது மணல்,
லோமே கடற்கரையில் காற்றடித்தால்
பல்லில் கடிபடுமே, அந்த மணல்.

இஞ்சி இருக்கிறது. உள்ளி இருக்கிறது.
மிளகாய்க்குத்தான் அலைச்சல்.
திருநெல்வேலிச் சந்தையில் மூன்று கடை.
"கொச்சி இருக்கு, கறிமிளகாய் இருக்கு,
அண்ணைக்கு என்ன மிளகாய் வேணும்?"
குட்டையாய், சுருங்கி,
குழந்தை விளையாடும் பூசணிக்காய்போல என்றேன்.
சிங்களத்தில் நைமிரிஸ் என்பார்கள் என்றேன்.
நுவரெலியாக் கரட் மூட்டைக்குள்
தவறி வந்த நாலு காயைக்
காசு வாங்காமல் தந்தான்.
"சாப்பிடவோ? இல்லை, ஆருக்கும் செய்வினை வைக்கவோ?"

வத்தாளங்கிழங்கை விரல்போல நறுக்கு.
வெண்டிக்காயைக் கழுவித் துடைத்து
ஈரம் காய்ந்தபின் அரி.
கோவா கொஞ்சம்.
தண்ணீர் கிட்டவும் வரக்கூடாது.
கிளறலாம், கரைச்சல் கொடுக்கக்கூடாது:
அஃபி சொன்னது பிரெஞ்சில்,
எனக்கு விளங்கியது கோண்டாவில் தமிழில்.

இரண்டு கிழமை என்றான் ஏஜென்சிக்காரன்.
பதினாலு மாதம்.
ஒன்பது பேருக்கு ஓர் அறை, ஒரு ஃபான்.
கனடா என்ற சொல்
புதன்கிழமைகளில் வரும்,
வியாழன் விடிய எழும்பிப் போய்விடும்.
சந்தியில் ஒரு குடை,
குடைக்குக் கீழே கரியடுப்பு, அவள்.
எதற்குமேலும் காய்ந்த றால்தூளைத்
திருநீறுபோல எறிவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கையைக் குறுக்கே ஆட்டினேன்.
றால் வேண்டாம், மீன் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.
ஏன் என்று புருவத்தால் கேட்டாள்.
திங்களிலிருந்து விரலில் எண்ணி
ஐந்தாவதைப் பிடித்துக் காட்டினேன்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்,
தன் நெஞ்சில் தட்டினாள்.
வெள்ளியில் பிறந்த பெண்ணுக்கு அங்கே
அஃபி என்று பெயராம்.
என்னுடைய நாளிலா உனக்கு விரதம்?
அப்புறம், நான் கேட்கவில்லை,
இன்னொரு சட்டியை எடுத்தாள்.
சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.
மணந்து பார்த்தாள்.
திரும்பவும் கழுவினாள்.

அந்தச் சட்டியில் விழுந்ததுதான் இது.
அவள் ஊற்றிய எண்ணெய் பனங்களி நிறம்,
தென்னையுமில்லாத பனையுமில்லாத
வேறொரு மரத்தின் பழத்தில் வடித்தது.
என்னிடம் நல்லெண்ணெய்தான்.
அதற்காகக் கோபிக்கமாட்டாள்.

மங்களேஸ் கோபித்தாள்.
"ஆரப்பா உந்த அப்பி?"
அப்பி இல்லை, அஃபி.
"எனக்கேன் அவளின்ர எழுத்துப்பிழை?"
நாலு வெள்ளி என் சட்டியைத் தொடவில்லை,
பருப்பும் சோறும் பிசைந்துவிட்டு
கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டாள்.
நகை ஈட்டில், கடன் வட்டியில்,
போனவன் வெறுங்கையோடு வந்த வீட்டில்
பேசாமலிருக்க அவளுக்கு உரிமை இருந்தது.

ஐந்தாம் வெள்ளி
பின்னேரம் பசியோடு வந்தவள்
மூடியைத் திறந்தாள். ஒரு வெண்டிக்காய்.
நின்றபடி இன்னொன்று.
மூக்கு வடிந்தது, கண் வடிந்தது,
நெடுநேரம் வடிந்தது,
மிளகாய்தான் என்றாள்.
நானும் மிளகாய்தான் என்றேன்.
பிறகு கேட்டாள்:
"ரண்டாம் தரமும் கழுவினவளோ?"

இன்றைக்கு வியாழன்.
மேசையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம்.
ஆறு மிளகாய், காம்போடு.
கால் கிலோ கச்சான்.
உள்ளே இருந்து அவள் குரல்:
"நாளைக்கு அடுப்பு மூட்டமுன்னம்
கொடியில கிடக்கிற சீலையளை எடுங்கோ.
போன கிழமை பாங்கில
முழுப்பேரும் என்னைப் பாத்துத் தும்மினவை."